குமிழி மறையும் சூடு

வெள்ளீயச் சுரங்கத்தில் அவளுக்குக் ‘குமிழி மேடம்’ என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணனேதான். அவன் துளை போடும் குழுவின் தலைவன். அவள் அங்கேயே ஆய்வுக்கூடத்தில் நிலவியலாளர். கண்ணாடிபோல இழைத்த குவார்ட்ஸ் சீவலை நுண்ணோக்கியில் வைத்துச் சூடாக்குவாள். கல் விளைந்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட வெந்நீர் இன்னும் பொடித் துளிகளாக அங்கே இருக்கும். ஆறியதில் ஒவ்வொன்றிலும் ஒரு குமிழி விழுந்திருக்கும். அது மறையும் சூட்டை வைத்து, அந்நாளில் ஓடிய நீர் எவ்வளவு கொதித்தது என்று கணக்கிடலாம். வெள்ளீயத்தைச் சுமந்து வந்தது அந்த நீர்தான். ஆறிய இடத்தில் இறக்கிவிட்டுப் போனது.

தாதுப் பட்டை நூலாக மெலிந்த வருஷம் அது. இன்னும் ஆழம் போகலாம் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான். அவன் ஆழத்திலிருந்து எடுத்துத் தந்த கல்லில் இரண்டு சீவல்தான் தேறியது. முதலாவதை அவசரப்பட்டுச் சூடாக்கினாள். துளிகள் வெடித்துச் சிதறின.

இரண்டாவதை வைத்தபோது அண்ணன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சூட்டை மெல்ல ஏற்றினாள். குமிழி நடுங்கியது, சுருங்கியது, மறையவில்லை. மேல்தளக் கற்களில் மறையும் சூட்டை எப்போதோ தாண்டியாயிற்று. பிறகு சட்டென்று காணாமல் போனது. பக்கத்துத் துளிகளும் அப்படியே.

“என்ன சொல்லுது?”

“கீழ தண்ணி ஆறவே இல்லண்ணா. ஈயத்தை இறக்காம மேல தூக்கிட்டுப் போயிருக்கு. மேல இறங்கினதைத்தான் நாம ஏற்கெனவே வெட்டி எடுத்துட்டோமே.”

“இதையா ரிப்போர்ட்ல எழுதப்போற? என் ஆளுங்க பொழைப்புல மண்ணள்ளிப் போடறியே!”

“வெறுங்கல்லைக் குடைய அவங்களை அந்த வெக்கைக்குள்ள அனுப்பச் சொல்றியா?”

அவன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். அதன்பின் அண்ணி வழியாகத்தான் பேச்சு.

அவள் மேற்குப் பக்கத்துக் கற்களை எடுத்துப் பார்த்தாள். அங்கே சுடுநீரோடு குளிர்ந்த நீர் கலந்த அடையாளம் தெரிந்தது. அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அங்கே துளை போட்டான். பழுப்பு நிற வெள்ளீயத் தாது வந்தது. பாதிப் பேருக்குத்தான் போதும். வேலை போன மீதிப் பேரில் அவனும் ஒருவன்.

கடைசி நாளில் ஆய்வுக்கூடத்துக்கு வந்தான்.

“காட்டு, பார்க்கலாம்.”

இத்தனை வருஷத்தில் அவன் நுண்ணோக்கியில் கண் வைத்ததே இல்லை. வெகுநேரம் குனிந்திருந்தான்.

“இத்துனூண்டு தண்ணிதானா?”

“ஆமாண்ணா.”

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. அண்ணி சொல்லச் சொன்னா,” என்றவன், வாசலில் திரும்பி, “நானும்தான்,” என்றான்.