முதலமடைக்கு ஒரு ஒற்றர் வேலை

காலை ஏழே கால் மணிக்குப் பொள்ளாச்சியில் பஸ் ஏறினேன். கேரள எல்லையில் கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும், மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு சிறிய அமைப்பை நடத்தும் இருவர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதுவதாகத் திட்டம். கண்ணீர் ததும்பும் முதல் பத்தியை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போயிருந்தேன். அதற்குக் கடைசிவரை வேலை வரவில்லை.

எட்டு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மரகதத்துக்கு ஐம்பது வயது. சிறுவயதில் வந்த போலியோவால் ஊன்றுகோலுடன் நடப்பவர். சுகுமாரன் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். சண்டை செல்வியைப் பற்றி. இருபத்துநான்கு வயதான செல்விக்கு எதையும் கற்றுக்கொள்ளச் சற்று அதிக நாள் பிடிக்கும். முதலமடையில் ஒரு மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை முதல் துணையில்லாமல் தானே வந்துபோக வேண்டும் என்பது முதலாளியின் நிபந்தனை.

“நடுவுல வண்டி மாறோணுமுங்க. தொலைஞ்சு போனா நாம என்ன பதில் சொல்றது?” என்றார் சுகுமாரன்.

“நாஞ் சின்னப்புள்ளையா இருந்தப்ப இப்படித்தானுங்க எங்கூட்லயும் சொன்னாங்க. பன்னெண்டு வருசம் வாசப்படி தாண்டல” என்றார் மரகதம்.

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு: யாராவது தனியாகப் போகப் பழகும்போது, முகம் தெரியாத ஒருவர் அதே பஸ்ஸில் பின்தொடர்வார். பார்த்தால் மட்டும் போதும், உதவக் கூடாது. செல்விக்கு என்னைத் தெரியாது. இன்று நான் சொல்வதை வைத்துத்தான் திங்கட்கிழமை முடிவாகும்.

எட்டரை மணி பஸ். மரகதம் தூரத்திலிருந்தே காட்டிய செல்வி முன்னால் உட்கார்ந்தாள். நான் மூன்று வரிசை பின்னால், ஒரு மலையாளப் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. வெளியே தென்னை குறைந்து மாந்தோப்பு கூடிக்கொண்டே வந்தது.

வண்டி மாறும் முக்கில் அவள் இறங்கி நிழலில் நின்றாள். நான் வேண்டுமென்றே தள்ளிப் போய் ஒரு டீ குடித்தேன். ஒரு பஸ் வந்தது, கூட்டம் முண்டியது. அவளும் ஏறியிருப்பாள் என்று நம்பி நானும் ஏறி, சன்னல் ஓரமாக இடமும் பிடித்துவிட்டேன்.

சன்னலுக்கு வெளியே செல்வி நின்றாள்.

“ஏனுங்க, இது பாலக்காடு போறதுங்க. எறங்குங்க.”

இறங்கினேன்.

“மரகதக்காதானே அனுப்புனாங்க?”

நான் பத்திரிகையை மடித்தேன்.

“போன வாரம் வந்த அண்ணன் மரத்துக்குப் பின்னாடி நின்னாருங்க. தொப்பை மட்டும் வெளிய தெரிஞ்சுது. நீங்க பரவாயில்லீங்க” என்று தேற்றினாள். அடுத்த பஸ்ஸில் எனக்கும் இடம் பிடித்தாள். மண்டி வாசலில் பிரியும்போது மட்டும் முகம் மாறியது. “எனக்குத் தெரியும்னு அக்காகிட்டச் சொல்லிப்போடாதீங்க. இன்னொரு ஆளத் தேடுவாங்க. பாவம், அந்தக் காலோட எத்தன பேரத் தேடுவாங்க?”

மதியம் திரும்பினேன். இருவரும் வாசலிலேயே இருந்தார்கள்.

“தனியா மாறுனாளுங்களா?” என்று கேட்டார் மரகதம்.

“மாறினாங்க.”

“உங்களப் பாக்கலியே?” என்றார் சுகுமாரன்.

செல்விக்குக் கொடுக்காத வாக்கைக் காப்பாற்ற ஒரு நல்ல பொய் தயாராக இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், அவள் செய்ததில் பெரிய பகுதி மறைந்துவிடும். நான் தப்பான பஸ்ஸில் ஏறியதையும், அவள் இறக்கிவிட்டதையும் சொன்னேன். ஒற்றர்களான எங்கள் எல்லாரையும் அவளுக்குத் தெரியும் என்பதையும், தொப்பையை மட்டும் விட்டுவிட்டு, சொன்னேன்.

மரகதம் சிரிக்க ஆரம்பித்தவர், நடுவில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“திங்கக்கெழம அவ போகட்டுமுங்க. யாரும் பின்னாடி போக வேண்டாம்” என்றார் சுகுமாரன்.

“இவர யாருங்க பஸ் ஏத்தறது?” என்றார் மரகதம்.

சுகுமாரனே கூட வந்தார். பஸ்ஸில் என்னை முன் சீட்டில் உட்காரவைத்து, கண்டக்டரிடம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: “சாரப் பொள்ளாச்சில பாத்து எறக்கிவிட்டுருங்க. புதுசு.”

பஸ் முழுக்க என்னைப் பரிவோடு பார்த்தது. அந்தப் பார்வையைச் செல்வி எத்தனை வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தாள் என்று யோசித்தபடியே, ஊர் வரும்வரை கைகளை மடியில் வைத்து ஒழுங்காக உட்கார்ந்திருந்தேன்.