பாப்பாவுக்கு எடுத்த பாவாடை

உங்களுக்கு இன்னோர் அத்தை இருந்தாள். எனக்குத் தங்கை. வீட்டில் எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டதால், அவளுடைய பெயர் பால்வாடி டீச்சருக்கு மட்டும்தான் பயன்பட்டது. அப்போது நாங்கள் குரும்பலூர்ப் பக்கம் குடியிருந்தோம். எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டும் பருவத்தில் அவள் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அவளுக்கு நாலு வயது. எனக்கு எட்டு.

அவள் உடுத்தியதெல்லாம் என் பழைய சட்டைகள். கை, விரலைத் தாண்டித் தொங்கும். கழுத்து ஒரு தோளிலும் நிற்காது. "எனக்கே எனக்குன்னு அளவா ஒண்ணு" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். தீபாவளிக்கு எடுக்கலாம் என்பார் அப்பா. தீபாவளிக்கு எனக்குப் புதுசு வரும், என் பழசு அவளுக்குப் போகும். கடைசியாக அவளைக் கொண்டுபோனபோதும் என் சட்டைதான் போட்டிருந்தாள்.

கொண்டுபோனது அப்பா. துண்டில் சுற்றிக் கையிலேயே தூக்கிக்கொண்டார். எங்கள் தெருவில் பெரியவர் ஒருவர் இறந்தபோது மேளமும் வெடியும் அமர்க்களப்பட்டதைப் பார்த்திருந்த நான், மேளக்காரர் எப்போது வருவார் என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

"பச்சப் புள்ளைக்கு மோளம் ஏதுடா? கருமாதியும் கெடையாது, படையலும் கெடையாது. மண்ணுல வச்சிட்டு வந்துட வேண்டியதுதான்."

அது அம்மாவின் காதிலும் விழுந்தது. ஆடி பிறந்ததும், பாப்பாவுக்குப் புதுத்துணி வைத்துக் கும்பிட வேண்டும் என்றாள். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்களை அப்படிக் கும்பிடுவது எங்கள் பக்கம் உண்டு. ஆனால் அதெல்லாம் வயதுக்கு வந்த பெண்களுக்கு.

பெரியம்மா சிரித்தேவிட்டார். "சளி ஒழுக்கிக்கிட்டுத் திரிஞ்ச புள்ளடி அது. அதப் போயி யாராச்சும் சாமின்னு கும்புடுவாங்களா?"

"சாமியில்லக்கா. எம் புள்ள" என்றாள் அம்மா.

இந்தத் தடவையாவது பாப்பாவுக்கு அளவாக ஒன்று கிடைத்துவிட வேண்டும் என்பதற்காகவே நானும் அம்மாவோடு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன்.

"பாப்பாவையும் கூட்டியாந்திருக்கலாமேம்மா" என்றார் துணிக்கடைக்காரர்.

"வூட்டுல இருக்குங்க."

"வயசு?"

"அஞ்சு நடக்குது."

நாலு என்று நான் திருத்தினேன். அம்மா என் கையைக் கிள்ளினாள்.

"வளர்ற புள்ள. ஒரு சைஸ் பெருசாவே எடுங்க."

அம்மா தலையாட்டி, பச்சைப் பாவாடையும் மஞ்சள் சட்டையும் வாங்கினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே சண்டை பிடித்தேன். "அந்தாளு ஏமாத்திட்டாரும்மா. செத்தவங்க வளர மாட்டாங்கள்ல? இதுவும் தொளதொளன்னுதான் இருக்கும்."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "வாய மூடிக்கிட்டு வாடா" என்ற அம்மா, துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பலகையில் துணியை வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் டீயும் வர்க்கியும் வைத்தாள்.

"சாமிக்கு டீயா?" என்றார் பெரியம்மா.

"சக்கரப் பொங்கல் அவளுக்குப் புடிக்காதுக்கா. வாயில வச்சாலே ஓங்கரிப்பா."

அப்பா குனிந்து, வர்க்கியை ஒவ்வொன்றாக டீயில் நனைத்து வைத்தார். மொறுமொறுவென்றிருந்தால் பாப்பாவுக்குத் தொண்டையில் இறங்காது. பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் பார்க்காதபோது நான் அந்த மஞ்சள் சட்டையின் கைகளை உள்பக்கமாக மடித்துவிட்டேன்.

அடுத்த ஆடிக்கும் அம்மா புதுசு எடுக்கக் கிளம்பினாள். இம்முறை அளவு தவறக்கூடாது என்று அவளுக்கும் பட்டிருக்க வேண்டும். பாப்பாவோடு பால்வாடிக்குப் போய்வந்த எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தினாள். அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் ஒன்றாவது. அந்தப் பெண்ணின் தோளிலிருந்து முழங்கால்வரை அம்மா நூல் பிடித்து அளந்தாள்.

"அம்மா, அவ நல்லா வளந்துட்டாம்மா. நம்ம பாப்பா இவ்ளோ ஒசரம் இல்ல" என்றேன்.

"நிமுந்து நில்லுடி தங்கம்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, அம்மா நூலில் முடிச்சுப் போட்டாள்.

பாப்பா எவ்வளவு உயரம் இருந்தாள் என்பதே அம்மாவுக்கு மறந்துவிட்டது என்றுதான் அன்று நான் நினைத்தேன்.