முன்கண்ணாடிக்கு ஒரு கொடிக்கயிறு

எங்கள் வீட்டுப் போர்ட்டிக்கோவில் நாலு வருடமாக ஒரு பழைய ஆங்கிலேயக் கார் குடியிருந்தது. எனக்கும் என் கணவருக்கும் அது மூத்தது. அது வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் என் தையல் மெசின் இருந்தது. கற்பிட்டியின் காலை வெளிச்சத்தில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓடுவதுகூடத் துல்லியமாகத் தெரியும். கார் வந்ததும் மெசின் உள்ளறைக்குப் போனது. பட்டப்பகலில் பல்பைப் போட்டுக்கொண்டு தைத்தேன். தூண்களுக்கு நடுவே கட்டியிருந்த உடுப்புக் கொடியையும் அவிழ்த்துச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்தாயிற்று.

"ரெண்டு மாசந்தான் புள்ள" என்றார் அவர். அதற்குப் பிறகு எத்தனை ரெண்டு மாதம் போனது என்று கேட்டால், காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். அதனால் எஞ்சின் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிட்டது. பெயிண்ட்தான் உயிரை வாங்கியது. வெயில் படக்கூடாது, உப்புக் காற்று படக்கூடாது, என் ஈரத் துணி பக்கத்திலும் வரக்கூடாது. கடைசியில் மிஞ்சியது முன்கண்ணாடியின் நிக்கல் பட்டி மட்டும். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பரில் ஒரு பள்ளம் ஓடும். அதில் பதிகிற பளபளப்பான தகடு அது. வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று. முதல் சோடியை ஸ்குரூ ட்ரைவரால் நெம்பி மடித்துவிட்டார். ஒருமுறை மடங்கினால் அந்தத் தழும்பு போகாது. இரண்டாவது சோடியைச் சிலாபத்தில் பழைய கார் உடைக்கும் ஒருவரிடம் தேடிப் பிடித்தார். இனி இல்லை என்று சொல்லித்தான் அந்த ஆள் கொடுத்தார். வேலை சரிவராவிட்டால் காரைத் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை என் கணவர் பிஸ்மி சொல்லி, சவர்க்காரத் தண்ணீர் தடவி, பட்டியை அழுத்தத் தொடங்கினார். ஒரு முனை உட்கார்ந்தால் மறுமுனை எழும்பியது. பட்டியின் விளிம்பைக் கவ்வ வேண்டிய ரப்பர் இதழ், அதற்கு அடியில் போய் மடங்கிக்கொண்டது. ஒன்றரை மணிநேரம் போராடிவிட்டு நிலத்தில் அப்படியே குந்திவிட்டார்.

"எனக்கு ஏலா. ஃபோன எடுத்துத் தா. சிலாபத்தாளுக்குச் சொல்லுவோம், வந்து கொண்டு போகட்டும்."

ஃபோன் என் மெசின் மேல் கிடந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு கிழமைக்குள் போர்ட்டிக்கோ எனக்கு வந்திருக்கும். நாலு வருடமாக நான் ஆசைப்பட்டதும் அதைத்தான். பொய் சொல்ல மாட்டேன், ஃபோனைக் கையில் எடுத்தும்விட்டேன்.

பிறகு அதை வைத்துவிட்டு வெளியே போனேன். "கல்யாணச் சட்டைக்குத் துணிப் பட்டன் வளையம் தைக்கிறனே, அதை எப்பிடிப் புரட்டுறண்டு தெரியுமா? உள்ளுக்கு ஒரு நூல வச்சுத் தச்சி, இழுக்கிற. உள்ளுக்குப் போன நல்ல பக்கம் தானா வெளிய வரும். நீங்களும் ரப்பருக்கு அடியில கயித்த வச்சி இழுங்களன்."

"இது சட்டையில்ல" என்றார். ஆனாலும் எழும்பினார். படகுக்காரரோடு பழகிய மனிதர், அவர் கை நேரே தங்கூசிச் சுருளுக்குத்தான் போனது. மீன் பிடிக்கிற மெல்லிய நரம்பு, இழுத்ததும் ரப்பரை வாள் மாதிரி அறுத்தது. நல்லவேளை, ஒரு நகத்தின் அளவுதான். அறுத்தது நான் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

நான் கதிரையைப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த கொடிக்கயிற்றை எடுத்துவந்தேன். நைலோன்தான், ஆனால் தடிப்பானது, அறுக்காது. சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து, ரப்பர் இதழுக்கு அடியில் சுற்றிவரப் பதித்தோம். பட்டியை அவர் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க, நான் கயிற்றை மெல்ல இழுத்தேன். கயிறு வெளியே வரவர, ரப்பர் இதழ் எழும்பி விளிம்பின் மேல் படிந்தது. "மெதுவா, மெதுவா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மதியம் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது இரண்டு பட்டிகளும் உட்கார்ந்து, நடுவில் மூட்டு மூடும் சின்னத் தகடும் ஏறிவிட்டது. எனக்கு அழுகை வரும்போல சந்தோசமாக இருந்தது.

பின்னேரம் காரில் கோட்டைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வந்தோம். திரும்பியதும் கார் தன் வீட்டுக்கு வருவதுபோலப் போர்ட்டிக்கோவுக்குள் ஏறியது. நான் சிரித்துவிட்டேன்.

பிளேன்டீ குடிக்கும்போது அவர் கேட்டார்: "நீ பேசாம இருந்திருந்தா ஒனக்கு ஒன்ட இடம் கிடச்சிருக்குமே. ஏன் சொல்லித் தந்த?"

"நீங்க அப்பிடிக் குந்திக்கிட்டு இருந்ததப் பாக்க ஏலல்ல."

மறுநாள் விடிய நான் எழும்பி வந்தபோது கார் முற்றத்தில் நின்றது. என் மெசின் போர்ட்டிக்கோவில் பழைய இடத்தில் இருந்தது. அவர் தூணில் கொடிக்கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பெயிண்ட் வெயில்ல போயிருமே" என்றேன்.

"போகட்டும்" என்றார்.