பார்க் வைஃபையில் ஒரு பெயர் சூட்டல்

எங்கள் மேனாம்பேடு பார்க்கில் அரசாங்கம் இலவச வைஃபை வைத்திருக்கிறது, தெரியுமோ? கம்பத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் கீழே நீலப் போர்டு. போன் நம்பரைப் போட்டால் ஓ.டி.பி. வரும்... வந்தால்!

அதைப் பற்றிக் காரசாரமாக எழுதித் தள்ளலாம் என்றுதான் போன ஞாயிறு சாயங்காலம் போனேன். கம்பத்தை ஒட்டிய பெஞ்சுகள் எல்லாம் ஃபுல். வாக்கிங் வந்தவர்கள்கூட நடக்கவில்லை.

"இன்னாத்துக்கு மேடம் இது? சுத்திகினே கீது, சுத்திகினே கீது... படம் வந்தபாடில்ல" என்றார் ஆட்டோ ஓட்டும் ரவி. ஆனால் தினமும் முதல் ஆளாக வந்து இடம் பிடிப்பவரும் அவர்தான்.

"அத்தனையும் தண்டச் செலவும்மா" என்றார் கோபால் சார், போனில் ஓடும் மேட்சிலிருந்து கண்ணை எடுக்காமல். எஸ்டேட் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஓசியில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு உப்பு பத்தவில்லை என்று சொல்கிற ஆட்கள்தானே நாம்?

அப்போதுதான் அந்தச் சின்னக் கூட்டம் உள்ளே வந்தது. முன்னால் தாம்பாளத்தில் சர்க்கரையும் வாழைப்பழமுமாக ஒரு பெண். பின்னால் பட்டுப்புடவையில் இளம் தாய், கையில் டர்க்கி டவலில் சுற்றிய குழந்தை. நேராகக் கம்பத்தடிக்கு வந்து பாயை விரித்தார்கள்.

என்ன விசேஷம் என்று தாம்பாளக்காரியைக் கேட்டேன். பெயர் தேவியாம்.

"எங்க அண்ணன் பொண்ணுக்கா. இன்னிக்கு முப்பதாம் நாளு, பேர் வெக்கிறோம். அண்ணன் குவைத்துல ஏசி மெக்கானிக்கு. புள்ள காதுல மொத மொத நான்தான் பேர் சொல்லுவேன்னு ஒரே அடம். இன்னா பேருன்னு அண்ணிகிட்டகூட சொல்லல. எங்க ஊட்டாண்ட டவரே கெடைக்காது... அதான் புள்ளைய இங்க தூக்கினு வந்துட்டோம். மொறைக்கு அத்தை நான்தான் சொல்லணும். போனா போவுதுன்னு வுட்டுக் குடுத்துட்டேன்!"

நாலரைக்கு ராகுகாலம். அங்கே குவைத்தில் குழந்தையின் அப்பாவுக்குச் சாப்பாட்டு நேரமும் முடியப் போகிறது. அவசர அவசரமாக வீடியோ கால் போட்டார்கள்.

மஞ்சள் ஹெல்மெட்டோடு ஒரு முகம் வந்தது. சிரித்தது. தாய் சங்கீதா போனைக் குழந்தையின் காதருகே கொண்டுபோனாள்.

"யா..."

அவ்வளவுதான். திறந்த வாயோடு படம் நின்றுவிட்டது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் "யா...".

"நீயே சொல்லிடு தேவி, நேரம் ஆவுது" என்ற சங்கீதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சொல்லலாம் அண்ணி... எந்தப் பேரச் சொல்றது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சட்டென்று எழுந்தார் ரவி. "யப்பா, எல்லாரும் வைஃபைய ஆஃப் பண்ணுங்கப்பா! ஒரே கம்பம், இத்தினி பேர் உறிஞ்சினா இன்னாத்த வரும்? புள்ளைக்குப் பேர் வரட்டும்!"

ஒவ்வொரு போனிலும் வைஃபை அணைந்தது. ஜோடியாக உட்கார்ந்திருந்த காலேஜ் பிள்ளைகள்கூட மறுபேச்சில்லாமல் அணைத்தார்கள். எல்லாரும் கோபால் சாரைப் பார்த்தோம். கடைசி ஓவர்!

அவர் குழந்தையைப் பார்த்தார். போனையே ஸ்விட்ச் ஆஃப் செய்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "ஸ்கோர் எங்க ஓடிப் போவப் போவுது... நீ போடும்மா."

மூன்றாவது தடவை படம் பளிச்சென்று வந்தது. அந்த மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"யாழினி... யாழினி... யாழினி."

யாழினி ஒரு கொட்டாவி விட்டாள். அப்பா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன், அதிலென்ன வெட்கம்? சர்க்கரைத் தட்டு பெஞ்சு பெஞ்சாகப் போனது. ரவி இரண்டு தரம் எடுத்துக்கொண்டார். வைஃபையைத் திரும்ப ஆன் செய்ய வெகு நேரம் யாருக்கும் தோன்றவில்லை.

பப்ளிக் வைஃபையில் அந்தரங்கமான எதையும் பகிராதீர்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கிறார்கள். நியாயம்தான்... ஒரு அப்பா தன் மகள் காதில் மட்டும் சொல்ல வைத்திருந்த பெயர், இப்போது மேனாம்பேடு முழுக்கத் தெரிந்துவிட்டதே!