பத்தாயிரத்துக்கு மேல் வாங்க மாட்டார்கள்

எட்டாம் வகுப்போடு நின்ற நான் எதற்கும் பயப்படுகிறவன். அதனால்தான் நானும் மச்சானும் கோவா கிளம்பியபோது, கடைச் சரக்குக்கான பணத்தை அக்கா தன் புருஷனை நம்பாமல் என்னிடம் கொடுத்தாள்.

அங்கே சூதாட்ட விடுதியில் மச்சான் சீட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டார். ஓர் ஆட்டத்துக்குக் குறைந்தது ஆயிரம், கூடியது பத்தாயிரம் என்று மேசையில் அட்டை வைத்திருந்தார்கள்.

"தோத்தா ரெட்டிப்பாக் கட்டணும் மாப்ள. ஒருக்கா ஜெயிச்சா விட்டதெல்லாம் வந்துரும்."

அவர் கையிலிருந்த ஆயிரம் போனது. இரண்டு, நான்கு, எட்டும் போயின.

"பையைத் தொற. பதினாறு வேணும்."

"மச்சான், அக்கா கொன்னுரும்."

"தொறலே!"

பணத்தை எடுத்து, மேசையில் கட்டும் வில்லைகளாக மாற்றி வைத்தேன். சீட்டுப் போடும் பெண் அட்டையைத் தட்டிக் காட்டி ஆறாயிரத்தைத் திருப்பித் தள்ளினாள்.

எங்கள் ஊர் நாகல் நகர் ஆட்டோவில் பத்து ரூபாய்க்குச் சண்டை போடுகிற மச்சான் கெஞ்சினார்: "ஏம்மா, கூட ஆறாயிரம் வாங்கிக்கம்மா!"

அவள் முடியாதென்று தலையாட்டினாள். பத்தைக் கட்டி ஜெயித்தாலும் விட்ட பதினைந்து திரும்பாது. மச்சானின் கணக்கு அங்கேயே செத்தது. நான் எல்லா வில்லைகளையும் அள்ளிக்கொண்டு எழுந்தேன்.

விடாமல் ரெட்டிப்பாக்குகிறவனைக் கண்டு விடுதிக்காரனுக்கும் பயம். அதற்குத்தான் அந்த அட்டை. அம்புட்டுப் பெரிய இடமே பயப்படும்போது நான் பயந்தால் என்ன? போகிற போக்கில் அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.