கூலன்ட் ஆரத்தி

இன்று காலை வாசலில் காரின் பழைய கூலன்ட்டை வடித்தேன். அடியில் வேறு பாத்திரம் நுழையாததால், தாம்பாளத்தில் பிடித்துப் பிடித்துக் கேனில் ஊற்றினேன். ஆரத்தித் தண்ணீர் போலவே செக்கச்செவேல்.

தட்டும் கையுமாக நிமிர்ந்தால், காரிமங்கலத்திலிருந்து மாமனார். போன தடவை, மரியாதை இல்லையென்று சாப்பிடாமலே பஸ் ஏறியவர்.

தட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கே பார்த்து நின்றுகொண்டார்.

"எதுக்குங்க மாப்ள இதெல்லாம்? நான் என்ன புதுசாவா வர்றேன்?"

மனைவி ஓடிவந்து தட்டை வாங்கிச் சுற்றத் தொடங்கிவிட்டாள்.

"பொட்டு மட்டும் வெச்சுடாத, விஷம்" என்று அவள் காதில் சொன்னேன்.

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே நம்ம வூட்டுக்கு மாசாமாசம் வர்றேங்க மாப்ள."

கூலன்ட்டை மாதாமாதம் மாற்றினால் வண்டி தாங்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.