மதினி முகத்தில் தோல் உரிந்தபோது

எங்கள் பெரியண்ணன் மனைவியை மதினி என்றுதான் கூப்பிடுவோம். அகரம் பக்கம் பூ பயிரிடும் குடும்பத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு வாழ வந்தவர். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவர் கன்னங்கள் இரண்டிலும் கருந்திட்டாக மங்கு விழுந்தது. மதினி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்த நாள் வரைக்கும்.

அன்று நானும் கூடப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டு வண்டி வந்து நின்றதும், மதினியைப் பெற்ற அம்மாவே சொன்னார்: "நீ செத்த நேரம் அடுப்படியிலேயே இரு தாயி. பரம்பரை வியாதின்னு நெனச்சுக்கிடப் போறாக."

மதினி உள்ளே போனார். வாழைக்காய் பஜ்ஜி போட்டு என்னிடம் தட்டைக் கொடுத்தனுப்பினார். வந்தவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவே இல்லை.

ஊர் திரும்பியபின் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வழி சொன்னாள். துணிக்குக் குறி போட வண்ணார் வைத்திருக்கும் சேங்கொட்டையின் பாலைத் தொட்டு வைத்தால் மேல்தோல் உரிந்து புதுத்தோல் வந்துவிடுமாம். யாரும் இல்லாத ஒரு மத்தியானம் மதினி அதைக் கன்னங்களில் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலையில் முகம் வீங்கிக் கண் இரண்டும் கீறல்போலச் சுருங்கிவிட்டன. கன்னமெல்லாம் கொப்புளம், நீர் வடிந்தது. கைக்குழந்தை அவரைப் பார்த்து வீரிட்டு அழுதது. பட்டறைக்குக் கிளம்பிய அண்ணன் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாரு உன்னைய இதைச் செய்யச் சொன்னா?" என்று கத்தினார். மதினி பதில் சொல்ல வாயைத் திறக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்ததும் குதிரை வண்டி பிடிக்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா திட்டவில்லை. "தோல் தானா விழும். பிய்க்கக் கூடாது, வெயில் படக் கூடாது," என்றார். மருந்து கரைத்த ஊதா நிறத் தண்ணீரில் துணியை நனைத்து முகத்தில் போடச் சொன்னார். அந்த வேலை எனக்கு. அரிப்பு தாங்காமல் மதினி கையைத் தூக்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வேன். "விடு ஆத்தா, ஒரே ஒரு தடவ," என்று கெஞ்சுவார்.

தோல் கருகி, வெந்த கிழங்கின் தோல் மாதிரி கழன்றது. அடியில் இளஞ்சிவப்பாக ஒரு முகம் தெரிந்தது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "போயிருச்சுல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அதற்குள் மதினியின் தங்கச்சி பார்க்க வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டு ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, "மாப்பிள்ளை வீட்டுக்காரக உறுதி பண்ண வாரப்ப அக்கா கூடத்துல இல்லேன்னா நானும் வர மாட்டேன்," என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

அந்த நாளில் மதினி முகத்தில் தாடையோரம் இன்னும் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. தங்கச்சி அவர் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்து வந்து, "இது எங்க அக்கா," என்றாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து பக்கத்தில் வந்து பார்த்தார்.

"என்ன தாயி இது, வலிக்குதா?"

இத்தனை நாளும் அழாத மதினி அப்போதுதான் அழுதார். உப்புப் பட்டால் எரியுமே என்று அந்த அம்மா தன் முந்தானையால் கண்ணீரை ஒற்றி ஒற்றி எடுத்தார். கல்யாணம் அங்கேயே உறுதியானது.

தீபாவளி வருவதற்குள் மங்கு திரும்பிவிட்டது. முன்னைவிடக் கருப்பாக, சேங்கொட்டைப் பால் பட்ட இடமெல்லாம் விளிம்பு கட்டி. மதினி கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அண்ணன் அதை மறுபடி நேராகத் திருப்பினார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன், "நான் ஷேவ் பண்ண வேணாமா?" என்றுதான் அவருக்குச் சொல்ல வந்தது. மதினி சிரித்துவிட்டார்.